சந்தா கட்டியாச்சு, ஐடி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளர். ஆய்விதழ்களுக்கு நாடு முழுமைக்கும் மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தபோது எங்கள் துறையில் சந்தோஷப்படாத ஆள் கிடையாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி என்று 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிய பணம் அது.

சரி, இதழ்களைப் படிக்க லாகின் ஐடி கொடுங்கள் என்று எங்கள் நூலகத்தில் கேட்டால், "நிரந்தர ஸ்டாஃப் லிஸ்ட் மட்டும்தான் சார் அனுப்பியிருக்கோம்" என்கிறார்கள். எம்.எஸ்சி. மாணவர்கள்? "அவங்களுக்கு இன்னும் சொல்லலை." பாதி வகுப்புகளை நடத்துவது கௌரவ விரிவுரையாளர்கள், புராஜெக்ட் எழுதுவது மாணவர்கள், ஆனால் பட்டியலில் இரண்டு பேருமே இல்லை.

கல்லூரி வளாகத்துக்குள் ஐடி இல்லாமலே திறக்குமே என்பார்கள். திறக்கும்தான், வளாகத்தின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணைப் பார்த்து பதிப்பகத்தின் தளம் உள்ளே விட்டுவிடும். ஆனால் நூலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் பாதி ஓடாது, மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், வகுப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைகள் எப்போது உட்கார்ந்து படிப்பது? வீட்டுக்குப் போய் மொபைலில் அதே கட்டுரையைத் தட்டினால் முப்பது, நாற்பது டாலர் கட்டு என்கிறது. அரசாங்கம் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்ட அதே கட்டுரைதான். வெளியிலிருந்து நுழைய, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற தளம் வழியாக லாகின் செய்யும் வசதி இருக்கிறது, அதற்குக் கல்லூரி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உருவாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. முன்பெல்லாம் பிள்ளைகள் சத்தமில்லாமல், கட்டுரைகளைத் திருட்டுத்தனமாக இலவசமாய்த் தரும் சைஹப் தளத்தின் பக்கம் போய்விடுவார்கள். டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவால் 2025 ஆகஸ்டில் அதையும் முடக்கியாகிவிட்டது.

இன்னொன்று, காசே கொடுக்காமல் கிடைப்பதைக்கூட யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலையைக் கேட்டால் பிள்ளைகள் கூகுளில் முதலில் வருகிற ஏதோ கெமிக்கல் கடையின் பக்கத்திலிருந்து எடுத்து எழுதுகிறார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி நடத்தும் கெமிஸ்ட்ரி வெப்புக் என்ற தரவுத் தளத்தைத் திறந்து காட்டினேன். ஒரே ஒரு எண் இல்லை, யார் எந்த ஆண்டு அளந்தார்கள் என்ற விவரத்தோடு வரிசையாக எண்கள். ஒரு மாணவி, "சார், கூகுள்ல 122ன்னு இருக்கு, இதுல 395ன்னு போட்டிருக்கே, எது சரி?" என்றாள். அது செல்சியஸ், இது கெல்வின்! அந்த ஒரு கேள்வியை வைத்தே அன்றைய வகுப்பு முழுக்க ஓடியது. வேதிப்பொருள்களின் விவரங்களுக்குப் பப்கெம் தளம் இருக்கிறது, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா தளம் இருக்கிறது, எதற்கும் ஐடி வேண்டாம். முதலாண்டு மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துப்போய் அலமாரியைச் சுற்றிக் காட்டுகிற அந்த அரை மணி நேரத்தில் இதையும் சொல்லலாம். (சைஃபைண்டர், ரீயாக்சிஸ் மாதிரி வேதியியல் தேடல் தளங்கள் எல்லாம் தனிச் சந்தா, விலையும் அதிகம், அதை நான் கேட்கவில்லை.)

உயர் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: கௌரவ விரிவுரையாளர்கள், முதுகலை மாணவர்கள், முடிந்தால் இளங்கலை மூன்றாம் ஆண்டு வரை, எல்லோர் பெயரையும் பட்டியலில் சேருங்கள், வீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி கணக்கு கொடுங்கள் என்று. இந்த மூன்று ஆண்டுச் சந்தா 2027 வரைக்கும்தான். பட்டியலை டைப் அடிக்க ஆள் இல்லை என்றால் நாங்களே அடித்துத் தருகிறோம், கையெழுத்துக்காக முதல்வர் அறை வாசலில் நிற்பதும் எங்களுக்குப் பழகிப்போன வேலைதான்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
வியாசர்பாடி, சென்னை.