அரசு ஒதுங்கட்டும் என்று சொல்லும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

சந்தையை அதன் போக்கில் விடுங்கள் என்று நீங்கள் பேசுவதைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். எனக்கும் உடன்பாடான விஷயம் அதில் உண்டு. 1952-இல் ராஜாஜி சென்னை மாநிலத்தில் உணவு தானிய விற்பனை மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது சரியான முடிவு. 1959-இல் சுதந்திரா கட்சி தொடங்கி, எந்தத் தொழிலுக்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற முறையை 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று அவர் சாடியதிலும் நியாயம் இருந்தது. ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் ரேஷன் அரிசியை 'உழைக்காமல் தின்னும் சோறு' என்று நீங்கள் சொல்லும்போது மனசு கொதிக்கிறது. என் அம்மா முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். சிமெண்டும் செங்கலும் விரலைத் தேய்த்துவிட்டன. ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். பிறகு ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. பின்னால் வரிசை முணுமுணுக்கும். உழைத்து உழைத்தே ரேகை போன கை அது. ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் கோடீஸ்வரர் கட்டும் அதே விகிதத்தில் ஜிஎஸ்டி கட்டுகிற கை.

உழைக்காமல் வருவதுதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால், வாரிசுச் சொத்தைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் போட, 1953-இல் வந்த எஸ்டேட் வரியை 1985-இல், வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது, எடுத்துவிட்டார்கள். பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மேல் வருடாவருடம் போட, 1957-இல் வந்த செல்வ வரியையும் 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி நீக்கினார். பதிலுக்கு, ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரியின் மேல் 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ், அதாவது வரிக்கு மேல் வரி, போட்டார்கள். ஆனால் விற்காமல் வைத்திருக்கும் பங்கு எவ்வளவு ஏறினாலும் வருமானக் கணக்கில் வராதே! ஆயிரம் கோடிப் பங்கு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனாலும் வாரிசு வரி என்று ஒரு ரூபாய் கிடையாது.

வரி போட்டால் தொழில் படுத்துவிடும் என்பீர்கள். சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020-இல் இறந்தபின், அவர் குடும்பத்தார் தென் கொரிய அரசுக்கு 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வாரிசு வரியைத் தவணை பிரித்துக் கட்ட முன்வந்தார்கள். சாம்சங் படுத்துவிடவில்லை. தனிமனித சுதந்திரத்துக்கு நீங்கள் துணைக்கு அழைக்கும் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லே, ஒருவர் வாரிசாகப் பெறுவதற்கு உச்சவரம்பு வேண்டும் என்று எழுதியவர்தான்.

அடுத்த பட்ஜெட் சமயத்தில் இலவசங்களைப் பற்றி எழுத உட்காருவீர்கள். அப்போது வாரிசு வரி மறுபடி வேண்டும் என்றும் எழுதுங்கள். நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையும் நகையையும் தொடாதபடி வரம்பை உயர்த்தியே வைக்கலாம். எவ்வளவு என்று உட்கார்ந்து பேச நான் தயார்.

அன்புடன்,
ஒரு சித்தாளின் மகன்