கோடியக்கரைச் சதுப்பு நிலத்தைத் தரிசு என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேதாரண்யம் பகுதியின் வளர்ச்சி குறித்துச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், கோடியக்கரையை ஒட்டிய சதுப்பு ‘எதற்கும் பயன்படாத தரிசு’ என்று ஒரே வரியில் தள்ளப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் எனக்கு அந்த வரி பெரும் மனவேதனையைத் தந்தது.

தங்கள் செய்தியாளர் வைகாசி வெயிலில் வந்திருக்க வேண்டும். அப்போது வெடித்த சேறும் உப்புப் பொருக்கும்தான் கண்ணில் படும். மார்கழி விடியலில் வந்திருந்தால், கணுக்கால் நனையாத நீரில் கொசு உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக ஓடியோடிச் சேற்றைக் கொத்துவதைக் கண்டிருப்பார். வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து பறந்து வரும் அந்தப் பறவை பெரும்பாலும் 30 கிராம்கூட இராது. அதன் கால் குட்டை. நீர் நான்கு விரல் ஏறினாலும், வற்றிச் சேறு இறுகினாலும் அதற்கு இரையில்லை.

என் தந்தையார் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்தவர். ஒருநாள் பாத்தி வரப்பில் இறந்து கிடந்த உள்ளானை வீட்டுக்கு எடுத்து வந்தார். வலசையை அறிவதற்காக அதன் காலில் மாட்டியிருந்த உலோக வளையத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு பொறித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், என்னைக் கொண்டு அன்றே அஞ்சலட்டை எழுதச் செய்தார். அவருக்குப் புரிந்த மதிப்பு படித்தவர்களுக்குப் புரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

20,000 நீர்ப்பறவைகள் தொடர்ந்து கூடும் இடமும், ஓர் இனத்தின் தொகையில் நூற்றில் ஒரு பங்கு வந்து தங்கும் இடமும் உலக முக்கியத்துவம் உடையவை என்பது, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல்களில் உள்ளதைத் தாங்கள் அறியாதவரல்லர். கோடியக்கரை 2002-லேயே அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. உலகில் இன்று சில நூறே எஞ்சியுள்ள கரண்டிமூக்கு உள்ளானும் முன்பு இங்கே காணப்பட்டதுதான்.

வலசைப் பறவை என்றாலே பூநாரைப் படம் மட்டும் போடுகிறீர்கள். உள்ளான்களைக் கண்ணி வைத்துப் பிடித்து விற்பது பற்றியும், இறால் பண்ணைக்காக ஓடை அடைபட்டது பற்றியும் நான் எழுதிய இரு கடிதங்களுக்கும் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது வேண்டுவது ஒன்றே. நிலம் கேட்டு மனுப் போடுபவர்கள் இந்தக் கட்டுரையை நறுக்கி இணைக்கும் முன்பாக, ‘தரிசு’ என்ற சொல்லைச் ‘சதுப்பு நிலம்’ எனத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வேதாரண்யம்.