பெட்டிக்குள் வைக்கும் சீட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை வந்த அன்றே இரண்டு முறை படித்தேன். உங்கள் மூட்டுவலி மருந்து மனிதச் சோதனைக்குப் போகிறது என்று சொன்னதும் அம்மாவுக்கு அத்தனை மகிழ்ச்சி. அவள் நலம். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் பேனாவால் தானே போட்டுக்கொள்கிறாள். எறும்பு கடித்த வலிகூட இல்லையாம்.

சந்தையைப் பற்றி, அனுமதிக்கு முந்தைய மூன்றாம் கட்டச் சோதனைக்குப் பிறகு விற்பனைப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். அதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

அம்மாவின் பேனாவைப் பார்க்கும்போதெல்லாம் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் எக்சுபெரா நினைவுக்கு வருகிறது. மூச்சில் இழுக்கும் இன்சுலின். 2006 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007 அக்டோபரில் நிறுவனமே கைவிட்டு, சுமார் 280 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. மருந்து சர்க்கரையைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால் பத்தாண்டுக்கும் மேலாக அது உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் ஊசிகள் மெலிந்து, பேனா சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. எக்சுபெராவின் கருவியோ விரித்தால் ஏறக்குறைய ஒரு அடி நீளம். நாலு பேர் நடுவில் அதை எடுக்க யாருக்கு மனம் வரும்? தொடங்கும் முன் நுரையீரல் பரிசோதனை வேறு. இன்சுலினை யூனிட்டில் அளந்து பழகிய டாக்டர்களுக்கு இதில் மில்லிகிராம் கணக்கு. அதிலும் 1 மில்லிகிராம் பொட்டலம் மூன்றைச் சேர்த்து இழுத்தால், 3 மில்லிகிராம் பொட்டலம் ஒன்றைவிட அதிக இன்சுலின் உடலில் சேரும். இதையெல்லாம் எந்த விளம்பரம் சரிசெய்யும்? கருவியின் வரைபடம் மேசையில் இருந்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

உன் மருந்தைச் சோதனையில், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு மட்டும் ஒப்பிட்டால், "நான் இப்போது எழுதித் தருவதைவிட இது எதில் மேல்?" என்று டாக்டர் கேட்கும்போது உன் கையில் பதில் இருக்காது. வயிற்றுப்புண்ணாலோ சிறுநீரகக் கோளாறாலோ வழக்கமான வலி மாத்திரைகளைச் சாப்பிட முடியாத முதியவர்களுக்குத்தான் உன் மருந்து என்று நினைத்தால், அவர்களை இரண்டாம் கட்டத்திலேயே சேர்த்தாக வேண்டும். பிறகு சேர்ப்பது இன்னொரு சோதனை, இன்னும் சில ஆண்டுகள்.

மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் சீட்டை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார். யாருக்கு, எதற்குப் பதிலாக, நாளுக்கு எத்தனை வேளை. சீட்டில் அச்சாகாத விலையையும் ஓரத்தில் குறித்துக்கொள். நிரப்ப முடியாத இடம்தான் நீங்கள் சோதிக்க வேண்டிய இடம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வா. முழங்கால் வலிக்கு எந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளாத அம்மா முதலில் படிக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்