ஐந்து கோல் வாங்கிய பையன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இளம் கோல்கீப்பர்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 'தேறுவாரா மாட்டாரா என்பது இருபது வயதுக்குள் தெரிந்துவிடும்' என்ற வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்காட்லாந்து கோல்கீப்பர் டேவிட் மார்ஷலைக் கட்டுரையாளர் மறந்துவிட்டாரோ என்னவோ.

மார்ஷல் கிளாஸ்கோ பையன், அந்த ஊர் கிளப்பான செல்டிக்கில் வளர்ந்தவர். 2004 மார்ச் 11, கிளாஸ்கோவில் பார்சிலோனாவுடன் யூஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) ஆட்டம். இடைவேளைக்கு உள்ளே போகிற வழியில் தகராறு. செல்டிக் கோல்கீப்பர் ராப் டக்ளஸுக்கும் எதிரணியின் தியாகோ மோட்டாவுக்கும் சிவப்பு அட்டை. பெஞ்சில் இருந்த மார்ஷலை இறக்கிவிட்டார்கள். அவருக்கு 19 வயது முடிந்து ஆறே நாள்! ஆலன் தாம்சன் ஒரு கோல் போட, செல்டிக் 1-0 என்று ஜெயித்தது. இரண்டு வாரம் கழித்து பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் மறு ஆட்டம். ரொனால்டினோவும் கூட்டாளிகளும் முட்டி மோதிப் பார்த்தார்கள். பையன் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. 0-0. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் செல்டிக் 1-0; பார்சிலோனா போட்டியிலிருந்து வெளியே.

அன்று அவருக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடிய ஜான் கென்னடிக்கு வயது 20. ஆறாம் நாள் ஸ்காட்லாந்துக்காக அவருடைய முதல் ஆட்டம், ருமேனியாவுக்கு எதிராக. ஒரு முரட்டு மோதலில் முழங்கால் போயிற்று. பழைய ஆட்டம் திரும்பவே இல்லை.

மார்ஷலுக்கு அடி வேறு மாதிரி விழுந்தது. 2005 ஜூலையில், செல்டிக்கின் புது மேனேஜர் கார்டன் ஸ்ட்ராக்கனின் முதல் போட்டி ஆட்டத்திலேயே பிராட்டிஸ்லாவாவில் ஆர்ட்மீடியாவிடம் 0-5. மூன்று நாள் கழித்து மதர்வெல்லுடன் 4-4. போலந்திலிருந்து வந்த ஆர்தர் போருட்ஸ் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சரி, கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

நான் கல்லூரி அணியில் இரண்டு வருடம் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவன். ஆட்டத்துக்கு முன் முதல் ஆளுக்குப் பந்து உதைத்துக் கொடுப்பேன்; அப்புறம் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். முன்னால் ஆடுகிறவனைக் கடைசிப் பத்து நிமிடம் இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. முதல் ஆளுக்கு அடிபட வேண்டும், இல்லை சிவப்பு அட்டை வர வேண்டும். அப்படி வருகிற ஒன்றிரண்டு ஆட்டத்தை வைத்து எப்படித் தீர்ப்பு எழுதுவது? (எனக்கு ஒரே ஒரு ஆட்டம் கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

மார்ஷல் 2007இல் நார்விச் கிளப்புக்குப் போனார், 2009இல் கார்டிஃப் கிளப்புக்கு. தேசிய அணியிலும் வெளியே உட்கார்ந்திருந்த காலமே அதிகம். 2020 நவம்பர் 12, பெல்கிரேடில் செர்பியாவுடன் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதி ஆட்டம், பெனால்டி வரை போனது. இங்கே விடிகாலை நாலு மணிவாக்கு. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் போர்வைக்குள் கைபேசியோடு விழித்திருந்தேன். ஸ்காட்லாந்து ஐந்தும் அடித்தாயிற்று. செர்பியாவின் கடைசி உதை மிட்ரோவிச்சுடையது. மார்ஷல் பாய்ந்து தட்டிவிட்டார். ஆனால் உடனே குதிக்கவில்லை. உதைக்கும் முன்பே கோல் கோட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டோமோ, தடுத்தது செல்லாதோ என்று நடுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்லும் என்று தெரிந்த பிறகுதான் ஓடினார். 1998 உலகக் கோப்பைக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆண்கள் அணி பெரிய போட்டி ஒன்றுக்குப் போனது அன்றைக்குத்தான். அவருக்கு வயது 35.

அந்த யூரோவில் ஸ்காட்லாந்தின் முதல் ஆட்டத்திலேயே செக் வீரர் பேட்ரிக் ஷிக் கிட்டத்தட்ட நடுக்கோட்டிலிருந்து அடித்த பந்து அவர் தலைக்கு மேலே போனது. துரத்தி ஓடிய மார்ஷல் வலைக்குள் சிக்கிக் கிடந்த படம் உலகமெல்லாம் சுற்றியது. இதைச் சொல்லாமல் விட்டால், நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கட்டுரையாளர் பதில் கடிதம் எழுதிவிடுவார்.

- பழைய இரண்டாம் கோல்கீப்பர்,
காரைக்குடி