சுழலும் செகண்டரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மின்பொறியியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. என் முழங்கால் வலி தேவலை. வேலை வழக்கம்போல.

இண்டக்ஷன் மோட்டாரை டிரான்ஸ்ஃபார்மராகப் பார்க்கும் பாடம் மண்டையில் ஏறவில்லை என்கிறாளாமே. போன வாரம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த பையனும் அதே இடத்தில்தான் நின்றான். 10 எச்.பி. மோட்டார், முழு லோடில் 14 ஆம்பியர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு கிளாம்ப் மீட்டர் வைத்தால் 5 ஆம்பியருக்கு மேல் காட்டியது. "டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது சில சதவீதம்தானே எடுக்கும்? இது பழுதா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் நல்ல மோட்டாரைப் பிரித்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

காரணம் காற்றிடைவெளி. டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப்பாயம் முழுக்க இரும்புக்குள்ளேயே சுற்றி வருகிறது. மோட்டாரில் அசையாத ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டாருக்கும் நடுவே உள்ள அரை மில்லிமீட்டர் காற்றை அது தாண்டியாக வேண்டும். அந்த 5 ஆம்பியரில் பெரும்பகுதி அதற்கே போகிறது. லோடில்லாத மோட்டாரின் பவர் ஃபாக்டர் (எடுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) அவ்வளவு மோசமாக இருப்பதும் அதனால்தான்.

மற்றபடி நின்றுகொண்டிருக்கும் மோட்டார், செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) ஷார்ட் ஆன டிரான்ஸ்ஃபார்மர்தான்; ரோட்டார்தான் அந்த செகண்டரி. ஸ்டார்ட்டிங்கில் ஐந்தாறு மடங்கு கரண்ட் பாய்வதில் ஆச்சரியமே இல்லை.

உன் மகள் ரசிக்க வேண்டியது இனிமேல்தான். 50 ஹெர்ட்ஸில் நாலு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, ரோட்டார் 1440. இந்தப் பின்தங்கல், அதாவது ஸ்லிப், 4 சதவீதம், ஆகவே ரோட்டாருக்குள் வெறும் 2 ஹெர்ட்ஸ். அங்கே தூண்டப்படும் வோல்டேஜும் ரியாக்டன்ஸும் (மாறும் கரண்டுக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) அதே விகிதத்தில் சுருங்கிவிடுகின்றன, ரெசிஸ்டன்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்லிப்பால் வகுத்துப் பார்க்கச் சொல். வோல்டேஜும் ரியாக்டன்ஸும் நின்ற நிலை அளவுக்குத் திரும்பிவிடும். ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் 25 ஓமாகத் தெரியும். அதில் 1 ஓம் உண்மையான செம்பு, சூடாகிற பங்கு. மீதி 24 ஓம் எங்குமே இல்லாத ரெசிஸ்டன்ஸ். அதில் செலவாகிற பவர்தான் ஷாஃப்டில் சுழற்சியாக வெளியே வருகிறது! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த இடம் வந்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

லேபில் ரோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்து பிளாக்டு ரோட்டார் டெஸ்ட் செய்யும்போது, டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் நோட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் கவனம்: அப்போது ரோட்டாரில் 2 ஹெர்ட்ஸ் இல்லை, முழு 50. ரோட்டார் கம்பியின் மேல்விளிம்பிலேயே கரண்ட் நெருக்கிப் பாய்வதால் ரெசிஸ்டன்ஸ் கூடுதலாகக் காட்டும். ஓடும் மோட்டாருக்கு அந்த எண்ணை அப்படியே போட்டால் கணக்கு தப்பும்.

சந்தேகம் வந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி