கோனஸ்டோகாவுக்கும் ஓர் இடம் கொடுங்கள்

சான் பிரான்சிஸ்கோ கடல்சார் வரலாற்றுப் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் ஹெர்குலிஸைப் பார்ப்பதற்கென்றே ஹைட் தெரு துறைக்குப் பலமுறை வந்திருக்கிறேன். 1907-இல் கிழக்குக் கரைப் பக்கம் நியூ ஜெர்சியின் கேம்டனில் கட்டப்பட்டு, உடன்பிறப்புக் கப்பலான கோலையாவை இழுத்துக்கொண்டே தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மகெல்லன் நீரிணை வழியாக இங்கே வந்த நீராவி இழுவைக் கப்பல். அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள், நன்றி. அதன் பக்கத்தில் இன்னொரு இழுவைக் கப்பலின் கதையையும் சொல்ல வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கோனஸ்டோகா 1904-இல் மேரிலாந்தில் பிறந்தது. ஒரு ரயில்வே கம்பெனிக்காக நிலக்கரி பார்ஜுகளை (சரக்கேற்றும் தட்டைப் படகுகளை) இழுப்பதுதான் அதன் பிழைப்பு. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் கடற்படை இப்படிப்பட்ட வணிகக் கப்பல்களைத் தேடித் தேடிப் பார்த்தது. செப்டம்பரில் இதை விலைக்கு வாங்கி, முன்தளத்தில் 3 அங்குலப் பீரங்கி ஒன்றைப் பொருத்தியது. அப்புறம் கோனஸ்டோகா அட்லாண்டிக் தீவுகளான பெர்முடா, அசோர்ஸ் வரை கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகவும் போய்வந்தது.

போர் முடிந்தது. கப்பல் ரயில்வேக்குத் திரும்பவில்லை. 1921 மார்ச் 25, புனித வெள்ளி. பசிபிக் தீவான சமோவாவுக்கு ஹவாய் வழியாகப் போக 56 பேருடன் உங்கள் விரிகுடாவைத் தாண்டியது. அன்று காற்றும் அலையும் ஏறிக்கொண்டே போயின. ஹவாய் போய்ச் சேரவேயில்லை. தேடியவர்கள் ஹவாய்ப் பக்கமும் மெக்சிகோ கரையோரமும் தேடினார்கள். ஜூன் 30-இல் அத்தனை பேரும் மாண்டதாக அறிவித்தார்கள்.

கப்பலோ சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே கடலில் உள்ள ஃபாரலோன் தீவுகளில் ஒன்றிலிருந்து மூன்றே மைலில், 189 அடி ஆழத்தில் கிடந்தது. கரையில் நின்றால் தெளிவான நாளில் அந்தத் தீவுகள் கண்ணுக்கே தெரியும்! 2009-இல் ஒலியலைக் கருவியில் ஓர் உருவம் பட்டது. யாருடைய கப்பல் என்று அப்போது தெரியவில்லை. பிறகு கேமராவை இறக்கியபோது பூப்போன்ற கடலுயிர்களான அனிமோன்கள் அப்பிக்கிடந்த கப்பலின் உடலில் அந்த 3 அங்குலப் பீரங்கியும் தெரிந்தது. கோனஸ்டோகாதான் என்று உறுதிசெய்ய அதுவும் பெரிதும் உதவியது. 2016-இல் செய்தி வெளியானபோது 95 ஆண்டுகள் ஓடியிருந்தன. அதற்குள், காத்திருந்த மனைவிமார் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்பா எந்தக் கடலில் கிடக்கிறார் என்று தெரியாமலே பிள்ளைகளும் போயிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

கடற்படைப் பதிவுகள் 1917-இலிருந்து தொடங்கும். நீங்கள் கரிப் பார்ஜு இழுத்த நாட்களிலிருந்து தொடங்குங்கள். ஹெர்குலிஸின் எஞ்சின் அறையைப் பார்த்துவிட்டு வெளியே வருபவர் முதலில் பார்க்கும் இடத்தில், கடலடியில் எடுத்த அந்தப் பீரங்கியின் படத்தை வையுங்கள். அதன் கீழே 56 பேரின் பெயரும் இருக்கட்டும்.

அன்புடன்,
விரிகுடாப் பகுதியில் வசிக்கும் ஒரு தமிழன்