ஊதியம் உயர்ந்த கதை

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டால் அதையும் நீ கேலி செய்வாய் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். தங்கைக்கு முழங்கால் வலிதான் இன்னும் விட்டபாடில்லை.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க மாட்டாமல், இங்குள்ள ஓர் அரிசி ஆலைக்கு ஆண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் ‘லாபம்’ வந்தது. ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் தமிழையா பிரம்பைத் தேடுவாரே, அந்தப் பயம் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஆகவே ஓரிடத்தில் ஆதாயம், ஓரிடத்தில் வருவாய் என்று மாற்றிப் போட்டுக்கொண்டே வந்து, முகப்பு வரியில் குறளை நினைத்தபடி, ‘இவ்வாண்டு நமது ஊதியம் சென்ற ஆண்டைவிட உயர்ந்துள்ளது’ என்று எழுதிவிட்டேன். அதன் சுருக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று மாலையே மூட்டை தூக்குபவர்கள் முதலாளியின் அறை வாசலில் திரண்டு, உயர்ந்த ஊதியம் எந்த மாதம் முதல் கைக்கு வரும் என்று கேட்டார்கள்.

சிரித்து முடித்துவிட்டு என் நியாயத்தையும் கேள். 449-ஆம் குறளில் ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்று வள்ளுவர் சொல்வது, கைமுதல் இல்லாதவனுக்கு லாபம் இல்லை என்ற பொருளில்தான். ஆனால் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் முதல் அரசு ஊழியர்கள் காத்துக் கிடக்கும் ஊதியக் குழு வரை, இன்று அச்சொல் உழைப்பவனின் சம்பளத்தைத்தான் குறிக்கிறது. முதல் போட்டவன் வீட்டிலிருந்த சொல் உழைத்தவன் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. நான் பழைய முகவரிக்கே கடிதம் போட்டிருக்கிறேன்.

மற்றவையும் என்னைக் காப்பாற்றவில்லை. செலவைக் கழிக்குமுன் வந்து சேரும் தொகை அல்லவா வருவாய், அதை எப்படி லாபம் என்பீர்கள் என்று கணக்கர் சீறினார். ஆதாயமோ வரிப் படிவத்தில் மூலதன ஆதாயமாகக் கண்ணியத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ‘ஆதாயம் தேடுகிறான்’ என்று ஒருவனைச் சொல்லிப் பார், உடனே ஒரு கெட்ட வாடை வந்துவிடும். பங்குதாரர் ஒருவர் அந்த வாடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, தாங்கள் என்ன அரசியல்வாதிகளா என்று கேட்டார்.

உண்மையில் வியாபாரம் தெரிந்தவர்கள் இந்தச் சொற்களைப் பெரிதாகப் புழங்குவதே இல்லை. மூக்குப்பொடி அண்ணாச்சி ‘கட்டுப்படியாகவில்லை’, ‘ஒன்றும் மிஞ்சவில்லை’ என்ற இரண்டையும் வைத்துக்கொண்டே மூன்று மாடி கட்டினார். அவர் வாயில் லாபம் என்ற சொல் வந்தது நெல் அளக்கும்போது மட்டுந்தான். முதல் படியை ஒன்று என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லிவிட்டு, அடுத்ததை இரண்டு என்று எண்ணுவார். யாருக்கு லாபம் என்று நீ கேட்டு வாங்கிய குட்டு நினைவிருக்கிறதா?

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. மறுநாள் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, எழுத்தில்தான் பிழை என்கிறார்களே, ஆலைக்குப் பணம் கூடியது மெய்தானே என்று கேட்டார். மெய்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, சுமைத்துண்டை உதறித் தோளில் போட்டபடி அவர் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் அந்தச் சொல்லைப் பிழையாகப் படித்தார் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

அறிக்கையில் எல்லா இடத்திலும் ‘நிகர லாபம்’ என்றே திருத்திக் கொடுத்துவிட்டேன். தமிழையா இருந்திருந்தால் அடித்திருப்பார். இப்போது தீபாவளி போனஸ் அறிவிப்பையும் நானே எழுத வேண்டுமாம். அரசு அறிவிப்புகளில் அதற்கு ‘மிகை ஊதியம்’ என்று பெயர் என்றேன். அந்தச் சொல் இனி இந்த ஆலைக்குள் வரக்கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே போனஸ் என்றே எழுதி வைத்திருக்கிறேன். தொகைக்கான இடத்தைத்தான் அவர் இன்னும் நிரப்பித் தரவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்